இரண்டாம் கீப்பரை மன்னாருக்கு அனுப்புங்கள்: எங்கள் உதைபந்தாட்டக் கழகச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், தெரிவுக்குழு உறுப்பினர்கள் யாவருக்கும்,

வணக்கம். போன ஞாயிறு காலை பயிற்சி பார்க்க வந்திருந்தேன். மதிலோரம் பிளேன்டீயும் கையுமாக நின்றவன் நான்தான். உங்களில் இரண்டு பேர் கையசைத்தீர்கள், ஒருவர் காணாதது போலப் போனார். அது இருக்கட்டும்.

நான் கண்டது இதுதான். ஒரு கோல் கம்பம், அதற்கு நாலு கீப்பர்கள். ஒருவன் பாய்ந்து பிடிக்க, மற்ற மூவரும் சங்கக்கடை வரிசையில் நிற்கிற மாதிரி நின்றார்கள். கோச் ஆளுக்கு எட்டுப் பந்து உதைத்தார், அடுத்தவன் வந்தான். நாற்பது நிமிடப் பயிற்சியில் ஒரு கீப்பருக்குக் கிடைத்தது பத்து நிமிடம். மைதானத்தின் மற்றப் பாதியில் லெப்ட் பெக்காக, அதாவது தடுப்பு வரிசையின் இடது பக்கத்தில், நிற்க ஆளில்லாமல், வலது காலால் மட்டும் உதைக்கத் தெரிந்த ஒரு மிட்பீல்ட் பொடியனை அங்கே நிறுத்தியிருந்தீர்கள். பந்து இடது காலுக்கு வந்த ஒவ்வொரு முறையும் அவன் அதை வலது காலுக்கு மாற்றிக்கொள்ளத் திரும்பினான். திரும்புவதற்குள் எதிரே நின்றவன் பந்தோடு போய்விட்டான். இந்தப் பருவத்தில் நாம் வாங்கிய கோல்கள் எந்தப் பக்கத்தால் வந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மன்னாரிலிருந்து ஒரு கழகம் உங்களோடு கதைத்திருப்பது ஊரறிந்த ரகசியம். அவர்களுடைய கீப்பர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர்களிடம் இடதுகால் லெப்ட் பெக் இரண்டு பேர். அதில் ஒருவனுக்கு வத்தளையில் அக்கா இருக்கிறா, இங்கே வந்து வேலை தேட ஆசைப்படுகிறான். அவர்களுக்குக் கீப்பர், நமக்கு லெப்ட் பெக். இதைவிடச் சுலபமான கொடுக்கல் வாங்கல் நம் கழகத்துக்கு வாய்க்காது. சம்மதிக்கலாம் என்று நீங்கள் முடிவெடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அனுப்பப் போவது மூன்றாம் கீப்பரை என்று கேள்விப்பட்டேன். அங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை.

முதலாமவருக்கு 31 வயது. அவருடைய இடத்தில் கை வைக்கும்படி யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. இரண்டாமவனுக்கு 24. மூன்றாமவனுக்கு 19. நாலாமவன் இன்னும் உயர்தரப் பரீட்சை எழுதவில்லை. பயிற்சி முடிந்த கையோடு டியூஷனுக்கு ஓடுகிறான், அவனை விட்டுவிடுவோம். பதினெட்டுப் பேர் போட்டிப் பட்டியலில் கீப்பர்கள் இருவர்தான். அதாவது மூன்றாமவன் சப்பாத்தே போட வேண்டியதில்லை. இரண்டாமவன் முழு உடுப்பும் போட்டு, கையுறையும் மாட்டி, தொண்ணூறு நிமிடம் மாற்று ஆட்களின் வாங்கில் இருந்து எழும்பி வீட்டுக்குப் போகிறான்.

மிட்பீல்டில் ஆறு பேர் இருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஒருவனுக்கு மஞ்சள் அட்டை, ஒருவனுக்குத் தசைப்பிடிப்பு, ஒருவன் களைத்துப் போவான், கடைசி இருபது நிமிடமாவது இன்னொருவனுக்குக் கிடைக்கும். கோல் கம்பத்துக்குக் கீழே அந்தக் கருணை இல்லை. அங்கே கடைசி இருபது நிமிடம் என்று ஒன்று கிடையாது. முதல் ஆள் அடிபட்டால் அல்லது சிவப்பு அட்டை வாங்கினால் மட்டுமே அடுத்தவனுக்கு வாழ்வு. அடுத்தவன் அதைக் கடவுளிடம் கேட்கவும் முடியாது, கேட்டால் பாவம்.

கீப்பர் பயிற்சியில் வளர்வது பாதிதான். பாய்வது, பிடிப்பது, உதைப்பது எல்லாம் பயிற்சியில் வரும். கோர்ணர் வரும்போது எட்டுப் பேர் நெருக்குகிற இடத்துக்குள் இறங்குவதா, கோட்டிலேயே நிற்பதா என்பது பயிற்சியில் வராது. முன்னால் நிற்கிற நாலு பெக்குகளை, அதில் இரண்டு பேர் தன்னைவிட மூத்தவர்கள், பெயர் சொல்லிக் கத்தி நகர்த்துகிற குரல் பயிற்சியில் வராது. ஒரு கோலை விட்ட பிறகு அடுத்த ஐந்து நிமிடம் எப்படி மூச்சு விடுவது என்பது வரவே வராது. அதற்கெல்லாம் போட்டி வேண்டும், தோற்கிற போட்டியும் சேர்த்து.

இனி இரண்டாமவனுடைய கணக்கைப் பாருங்கள். அவன் நம்மிடம் வந்தபோது பள்ளிக்கூடம் விட்ட சூடு ஆறவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் பெற்றோல் வரிசை. பயிற்சிக்கு வருவதற்கே பஸ் இல்லாத மாதங்கள். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீஃபா நம் சம்மேளனத்தைத் தடை செய்தது, ஓகஸ்ட் வரை அந்தத் தடை நீடித்தது. நாடு பட்டதெல்லாம் அவன் விளையாடியிருக்க வேண்டிய வயதில்தான் வந்து விழுந்தது. மிச்சமிருந்த பருவங்களை நாம் வாங்கில் போட்டோம். கடந்த இரண்டு பருவத்தில் அவன் முழுதாக விளையாடியவை மூன்று போட்டிகள். அதில் ஒன்று சிநேகபூர்வ ஆட்டம், வாழைத்தோட்டத்துக்காரரோடு. மழை வந்து இடையில் நின்றும் போனது, ஆகவே முழுதாக என்று சொல்வதும் பொய்.

தொழில்முறை வீரர்களுக்குப் பீஃபாவின் பதிவு, மாற்று விதிகளில் ஒரு ஏற்பாடு உண்டு. நிலைபெற்ற ஒரு வீரர் ஒரு பருவத்தில் தன் கழகத்தின் உத்தியோகபூர்வப் போட்டிகளில் பத்து வீதத்துக்கும் குறைவாகவே ஆடியிருந்தால், அதையே நியாயமான காரணமாகக் காட்டி ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறிக்கலாம். பருவத்தின் கடைசிப் போட்டி முடிந்து 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஆளை வாங்கில் காயவைப்பதும் ஒரு அநியாயம்தான் என்பதை உலக அமைப்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் பொடியன்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, அந்த விதியும் எட்டாது. அவர்களிடம் இருப்பது ஒரு பதிவுப் படிவம். நம்மிடம் இருப்பது அவர்களை வேறு கழகத்துக்குப் போக விடுகிற ரிலீஸ் லெட்டர். கையொப்பம் உங்களுடையது.

"முதலாமவர் விழுந்தால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதைச் சும்மா தள்ளிவிட மாட்டேன்.

2014 உலகக் கிண்ணக் காலிறுதியில், மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்து தன் கீப்பரை மாற்றி டிம் குருலை இறக்கியது. பெனல்டியில் அவர் இரண்டைத் தடுத்தார், கோஸ்டா ரிக்கா வீட்டுக்குப் போனது. லிவர்பூலின் இரண்டாம் கீப்பர் கெலஹர் 2022 லீக் கிண்ண இறுதியில் செல்சியோடு பெனல்டி 11-10 என்று முடிந்த இரவில் தானே பதினோராவதை அடித்தும் காட்டினார். இரண்டாம் கீப்பர் வெறும் அலங்காரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கெலஹரை லிவர்பூல் 2025இல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலாவதாக நிற்கத் தகுந்தவனை இரண்டாவதாக எத்தனை வருடம் வைத்திருப்பது?

நம் பொருளாளர் எந்தக் கூட்டத்திலும் சொல்கிற கதை ஆர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினெஸ். "ஆர்சனல் பத்து வருடம் பொறுமையாக வைத்திருந்தது, பிறகு பார், உலகக் கிண்ணம்!" அண்ணன் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். ஆர்சனல் அவரை வாங்கில் வைத்து வளர்க்கவில்லை. ஒக்ஸ்ஃபோர்ட், ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, ரொதர்ஹாம், வுல்வ்ஸ், ஸ்பெயினில் கெட்டாஃபே, கடைசியாக ரெடிங் என்று ஆறு இடத்துக்கு இரவல் கொடுத்தது. ஊர் ஊராகப் போய்ப் பந்து பிடித்தவர்தான், 2020 ஜூனில் முதல் கீப்பர் லெனோ பிரைட்டனில் அடிபட்டபோது தயாராக நின்றார். அந்த ஓகஸ்டில் எஃப்.ஏ. கிண்ணம் வென்றார், செப்டெம்பரில் அஸ்டன் வில்லாவுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் 2021 கோப்பா அமெரிக்கா, 2022 உலகக் கிண்ணம், இறுதியின் கடைசி நிமிடத்தில் பிரான்ஸின் கோலோ முவானியின் உதையை இடது காலால் மறித்த அந்தக் காட்சி. பத்து வருடம் ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதான வாங்கில் அவர் இருந்திருந்தால் அந்தக் கால் அங்கே போயிருக்குமா?

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்கிறேன். டொரண்டோவில் இருக்கிற என் மச்சான் அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம். அது கையால் எறிகிற ஆட்டம், ஆனால் ஆள் மாற்றுவதில் அவர்கள் நம்மைவிட வெளிப்படை. அவன் சொன்ன கதை நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியுடையது. 2017 பருவம் தொடங்கும்போது அவர்களிடம் முதல் ஆள் டொம் பிராடிக்குப் பின்னால் இரண்டு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர்கள், இருந்தார்கள், கரோப்போலோ, பிரிசெட். செப்டெம்பரில் பிரிசெட்டைக் கொடுத்து, பந்து பிடிக்கிற ஒருவரை இண்டியானாபொலிஸிடமிருந்து வாங்கினார்கள். ஒக்டோபர் கடைசியில் கரோப்போலோவைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு, அடுத்த வருட வீரர் தெரிவில் ஒரு இரண்டாம் சுற்று இடத்துக்காகக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள், ஆள் நிரம்பி வழிந்த இடத்தில் நாற்பது வயது மனிதர் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவசரமாகப் பழைய ஆள் ஹோயரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரையும் அனுப்பினால் அதுதான் நடக்கும். நான் கேட்பது ஒருவனை. மீதி மூன்று பேர் இங்கேயே இருக்கிறார்கள்.

சரி, அந்த ஒருவன் ஏன் மூன்றாமவனாக இருக்கக்கூடாது? உங்கள் கணக்கு எனக்கு விளங்குகிறது. அவன் போனால் போட்டிப் பட்டியலில் ஒரு பெயரும் மாறாது. நமக்கு நட்டமில்லாத ஆளைக் கொடுத்து லாபமான ஆளை வாங்கலாம். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் கமிட்டியில் இருந்தால் இந்த யோசனை வருவது இயல்பு.

மன்னார்க்காரர் மட்டும் என்ன, பந்து தெரியாதவர்களா? அந்தத் தீவில் பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே பந்தும் உருளத் தொடங்கிவிடும். அவர்கள் கேட்டது நாளைக்கே கம்பத்துக்குக் கீழே நிற்கக்கூடிய ஒரு கீப்பரை. 19 வயதுப் பொடியனை, பெரியவர்களோடு ஒரு போட்டிகூட ஆடாதவனை அனுப்பினால், இரண்டு தோல்வியில் மைதானத்தைச் சுற்றி நிற்கிற சனம் அவனைக் கிழித்துவிடும். காற்று வேறு. அங்கே காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்றில் உயரப் பந்து எங்கே இறங்கும் என்று கணிப்பது 24 வயதுக்காரனுக்கே பெரிய படிப்பு. மூன்றாம் கிழமை அவர்கள் பொடியனைத் திருப்பி அனுப்புவார்கள். லெப்ட் பெக்கும் திரும்பிப் போவான். அடுத்த முறை நம் செயலாளர் தொலைபேசி எடுத்தால் அந்தப் பக்கம் மணி மட்டும் அடிக்கும்.

மூன்றாமவனுக்குத் தேவை வாங்கு. அவன் இன்னும் வாங்குக்கே வரவில்லையே! இரண்டாமவன் போனால் அவன் ஒரு படி ஏறுவான், முதலாமவரோடு தினமும் சூடேற்றுவான், பஸ்ஸில் அவர் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்பான். அந்த வயதுக்கு அது சரியான இடம். மஞ்செஸ்டர் சிட்டியில் ஸ்கொட் கார்சன் ஆறு பருவம் இருந்து இரண்டே இரண்டு போட்டி ஆடினார், சந்தோஷமாக ஆடினார். அவர் முப்பதுகளின் நடுவில் அங்கே போன மனிதர், தன் ஆட்டத்தை வேறிடத்தில் ஆடி முடித்தவர். 24 வயதுக்காரனைக் கார்சனாக்குவதற்கு நமக்கு யார் உரிமை தந்தார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். மூன்றாமவனுக்கு அப்பா இல்லை. கமிட்டியில் அவனுக்காகக் கதைக்க ஆளில்லை. இரண்டாமவனுக்கு மாமா இருக்கிறார். மருமகனைத் தூர அனுப்பாமல் பக்கத்தில் வைத்திருப்பது அவனுக்குச் செய்கிற உதவி என்று மாமா நினைக்கிறார். அந்தப் பாசத்தில் பொய்யில்லை. ஆனால் போட்டி முடிந்து எல்லோரும் வியர்வையோடு படம் எடுக்க நிற்கும்போது காய்ந்த சட்டையோடு ஓரத்தில் நிற்கிறவனுடைய முகத்தை மாமா ஒருநாள் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

எனக்கு அந்த முகம் தெரியும். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை மேலதிக நேரக் கோலால் இந்தியாவை 1-0 என்று வென்றபோது எனக்கு 22 வயது. அந்தக் கிழமை கொட்டாஞ்சேனையில் பந்து வாங்கப் போனால் கடையில் பந்து இல்லை. நான் அப்போது வேறொரு கழகத்தில் இரண்டாம் கீப்பர். அடுத்த வருடம் கண்டியிலிருந்து ஒரு கழகம் என்னைக் கேட்டது. முதல் இடம், தங்க இடம், மாதம் சின்னதாக ஒரு காசு. எங்கள் செயலாளர் "யோசிப்போம்" என்றார். கடிதத்தைத் தட்டச்சு செய்து மேசை லாச்சிக்குள் வைத்ததை நானே கண்டேன். கையொப்பம் இல்லை. இரண்டு பருவம் யோசித்தார். மூன்றாவது பருவத்தில் அவர்களே புதிதாக ஒரு கீப்பரைக் கொண்டுவந்தார்கள், நான் மூன்றாமவன் ஆனேன். பிறகு கப்பல் கொம்பனி வேலை, கல்யாணம், முழங்கால். அந்தச் செயலாளர் கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்கு வந்து சுவர்க்கடிகாரம் ஒன்று தந்தார். அது இன்னும் ஓடுகிறது, நாளுக்கு ஐந்து நிமிடம் பின்னால்.

நிரந்தரமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. இரவலாக, இந்தப் பருவம் முடியும் வரை. முதலாமவர் நெடுநாள் படுக்கும்படி அடிபட்டால் அடுத்த பதிவுக் காலத்தில் திருப்பி அழைக்கலாம் என்று எழுத்தில் போடுங்கள், வட்ஸ்அப்பில் வேண்டாம். லெப்ட் பெக்குக்கும் அதே நிபந்தனை. போக்குவரத்துச் செலவை யார் தருவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். நம் கழகத்தில் சண்டை எல்லாம் பஸ் காசில்தான் தொடங்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவனிடம் கேட்டீர்களா? நான் விசாரித்த அளவில் யாரும் கேட்கவில்லை. அவன் பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். அம்மாவுக்கு மருந்து அந்தச் சம்பளத்தில்தான். மன்னாரில் மைதானம் மட்டும் இருந்தால் போதாது, காலையில் போக ஒரு வேலை வேண்டும். அந்தக் கழகத்தின் தலைவருக்கு அங்கே கட்டடப் பொருள் கடை இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆணியும் பெயின்டும் அங்கேயும் ஒன்றுதானே. இங்கே இருக்கிற முதலாளியிடம் ஆறு மாதம் இடத்தை வைத்திருக்கும்படி கேட்க வேண்டுமென்றால் நானே போய்க் கேட்கிறேன். அவர் எனக்குத் தெரிந்தவர், 18 வருடமாக அவரிடம்தான் பைப் வாங்குகிறேன். இவ்வளவும் செய்த பிறகு அவன் "வேண்டாம் அண்ணன், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொன்னால், இந்த மடலைக் கிழித்துப் போடுங்கள். ஆனால் அதை அவன் வாயால் கேளுங்கள், மாமா வாயால் வேண்டாம்.

பதிவுக் காலம் முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கூட்டம் என்று அறிவித்தல் பலகையில் கண்டேன். நான் வருவேன். உறுப்பினர் சந்தா கட்டியிருக்கிறேன், ரசீதும் பையில் இருக்கிறது. ரிலீஸ் லெட்டரைத் தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன், பேனையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து
ஒரு பழைய இரண்டாம் கீப்பர்